எழுத்தில் வராத தொகை

பிறந்தது 1977 பிப்ரவரி 19. தொழில் விபத்து இழப்பீட்டு அலுவலகத்தில் தரவுப் பதிவாளராகச் சேர்ந்தது 2001 ஜூன் 12. திருமணம் 2004, அது முடிந்தது 2009. எழுதிய நிரல்கள் மொத்தம் பதினொன்று. அவற்றுள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. அதன் நீளம் 214 வரி. எழுதத் தொடங்கியது 2006 மார்ச் 6. முடித்தது ஏப்ரல் 13. அதன் வழியாக முதல் கடிதம் அச்சானது ஏப்ரல் 17. அலுவலகப் பதிவேட்டில் அவளுக்கு முழுப்பெயர் உண்டு, முன்னெழுத்து உண்டு, பணியாளர் எண்ணும் உண்டு. ஆனால் வாசல் காவலாளி தொடங்கி தபால் பிரிவு வரை அவளை எல்லாரும் அழைத்தது ‘ஒன்லி அக்கா’ என்றுதான்.

அந்தப் பெயருக்குக் காரணம் அந்த 214 வரிகள்.

அலுவலகத்தின் முடிவுக் கடிதங்களில் தொகை இரண்டு முறை வரும்: ஒரு முறை எண்ணில், ஒரு முறை ஆங்கில எழுத்தில். மற்ற வரிகளெல்லாம் ஊரார் பேசும் மொழியில் இருந்தாலும் தொகை மட்டும் வங்கிக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இறுதியில் ‘ஒன்லி’ என்று முடிய வேண்டும். 2006க்கு முன்னால் நான்கு எழுத்தர்கள் காலை முழுக்கக் கையால் இதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவர்களுள் ஒருவர் பதினேழாயிரத்தை எழுபதாயிரமாக எழுதிவிட்டார். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி அச்சிடப்பட்டிருக்கும்: ‘எண்ணுக்கும் எழுத்துக்கும் வேறுபாடு இருப்பின் எழுத்தே செல்லும்.’ எழுத்தே சென்றது. மறுநாள் காலையில் கண்காணிப்பாளர் அவளுடைய மேசைக்கு வந்து நின்றார்.

“ஏம்மா, இந்தக் கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியுது, பெருக்கத் தெரியுது. எழுத மட்டும் தெரியாதா?”

“பார்த்துச் சொல்றேன் சார்” என்றாள்.

‘பார்த்துச் சொல்றேன்’ என்பது அவள் நாவில் எப்போதும் ஊறிக்கொண்டிருந்த சொல். நல்லதோ கெட்டதோ, எதையும் கேட்டவுடன் சொல்லிவிட அவளுக்கு வராது. பிற்காலத்தில் கணவருக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்து, ‘நீயும் வர்றியா’ என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அவர் எட்டு மாதம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். போன பிறகும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் என்று அவளுடைய அம்மா சொல்வது உண்டு.

ஆனால் 2006இல் அவள் பார்த்தாள், சொல்லவும் சொன்னாள். வேலை இதுதான்: எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சொல்லாக்கி, அதனதன் இடத்துக்கேற்ப ‘தவுசண்ட்’, ‘மில்லியன்’ என்று வால் ஒட்ட வேண்டும். ஒன்று முதல் பத்தொன்பது வரை ஒரு பட்டியல், இருபது முதல் தொண்ணூறு வரை பத்துப் பத்தாக இன்னொரு பட்டியல். உலகத்துப் பணம் முழுவதும் அந்த இருபத்தேழு சொற்களுக்கும் சில வால்களுக்கும் உள்ளே அடங்கிவிடும். தொல்லை கொடுத்தது பூஜ்யம்தான். சரியாக ஒரு மில்லியன் என்றால், ‘ஒன் மில்லியன் ஜீரோ தவுசண்ட் ஜீரோ’ என்று உளறும் நிரலை எந்த வங்கியும் மதிக்காது. ஆகவே 87ஆம் வரியில் ஒரு கட்டளை இட்டாள்: துண்டில் பூஜ்யம் வந்தால் எதுவும் சொல்லாதே. அதன் பிறகு நிரல் வாயை மூட வேண்டிய இடத்தில் மூடியது, பேச வேண்டிய இடத்தில் பேசியது. அன்று அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட உண்டாயிற்று.

சரிபார்த்தது அவளுடைய அம்மா. வழக்கறிஞர் ஒருவரிடம் முப்பது ஆண்டு தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவர். எழுத்துப் பிழை என்றால் மூக்கால் மோப்பம் பிடிப்பவர். ஒன்பது நாள், சாப்பாட்டு மேசையில் மடிப்பு மடிப்பாக அச்சுக் காகிதம், ஒரு மர அளவுகோல், சிவப்புப் பென்சில்.

“எங்கேருந்துடி ஆரம்பிக்கட்டும்?”

“ஒண்ணுலேருந்துதாம்மா. வேற எங்கேருந்து?”

“முடியறது?”

“ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. பாதியில எழுந்து போயிடாதே.”

“எழுந்து போறதுக்கு நான் என்ன உன் வீட்டுக்காரரா? அவர்தான் நாலு பக்கம் பார்த்துட்டு எழுந்துட்டார்.”

அம்மா கண்டுபிடித்தவை மூன்று பிழைகள். மூன்றையும் அவள் திருத்தினாள். ஒன்றுக்கு முன்னால் இருப்பதைப் பற்றி இருவருக்கும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய தேவையும் அன்று இல்லை. தொகை எதுவும் தேறாத கோப்புகளுக்கு அந்த நாளில் கடிதமே போகாது. 2013இல் ஒரு சுற்றறிக்கை வந்தது: தொகை எதுவாயினும், விண்ணப்பித்த அனைவருக்கும் முடிவுக் கடிதம் கட்டாயம் அனுப்பப்பட வேண்டும். சுற்றறிக்கை தபால் பிரிவுக்குப் போயிற்று. நிரலுக்கு யாரும் சொல்லவில்லை.

2018 மே 14, திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் அவளுடைய மேசைக்கு முன் வந்து நின்றார். கட்டம் போட்ட சட்டை துவைத்துத் தேய்த்ததாக இருந்தது. ஆனால் கைக்கடிகாரப் பட்டையிலும் நகக்கண்களிலும் வெள்ளைச் சுண்ணப் பூச்சு போகாமல் ஒட்டியிருந்தது. வீடுகளுக்கு வர்ணம் பூசும் பெயிண்டர்.

“எழுத்துல தொகை வரலைன்னா உங்களைத்தான் பார்க்கணும்னு கவுண்டர்ல சொன்னாங்கம்மா.”

நான்காக மடித்த கடிதத்தை நீட்டினார். மே 2 என்று தேதியிட்டது. ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. தொகை எண்ணில்: 0.00.’ அதற்கு அடுத்த வரியில் ‘எழுத்தில்’ என்ற சொல்லுக்கும் வரியின் கோடியில் இருந்த ‘ஒன்லி’க்கும் நடுவே ஐந்து அங்குல நீளத்துக்கு வெறும் காகிதம்.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. 87ஆம் வரி. எல்லாத் துண்டிலும் பூஜ்யம். எல்லாத் துண்டிலும் மௌனம்.

“ஏத்துக்கிட்டோம்னு போட்டிருக்கீங்க” என்றார் பெயிண்டர். அவர் இதை வீட்டிலிருந்தே கோவையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். “எண்ணு இடத்துல சைபர் இருக்கு. பெட்ரோல் பங்க்குல ஊத்தறதுக்கு முன்னாடி மெஷின்ல சைபர் காட்டுமில்லையா, அப்படின்னு எடுத்துக்கிட்டேன். எழுத்து இடம் காலியா இருக்கு. எழுத்துதான் செல்லும்னு கீழே நீங்களே போட்டிருக்கீங்க. எழுத்தையே இன்னும் எழுதலை. அப்போ தொகை இன்னும் முடிவாகலை, சரிதானேம்மா?”

அந்த வாதத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. அவள் கோப்பு எண்ணைக் கேட்டுத் திரையில் வரவழைத்தாள்.

இறந்தவர்: மகள், வயது 22. பணியிடம்: குளிர்பதனக் கிடங்கு. வேலையில் சேர்ந்தது 2018 ஜனவரி 8, திங்கள். இறந்தது ஜனவரி 11, வியாழன். சரக்கு அடுக்கும் இரும்புத் தட்டு சரிந்து விழுந்தது. நாள் கூலி 400. விபத்து, வேலை நேரத்தில், வேலை இடத்தில். ஆகவே விண்ணப்பம் ஏற்கத்தக்கது. தொகையைக் கணக்கிடும் முறை: பதிவேட்டில் உள்ள கடைசி மூன்று மாதச் சம்பளத்தின் சராசரி, அதில் பாதி, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுக்குக் காரணி 218. கிடங்கு அவளுடைய பெயரை மாதக் கடைசியில்தான் பதிவேட்டில் ஏற்றுவதாக இருந்தது. பதிவேட்டில் சம்பளம் இல்லை. பூஜ்யத்தை 218ஆல் பெருக்கினாலும் பூஜ்யம்.

மேசைக்கு அந்தப் பக்கம் பெயிண்டர் காத்துக்கொண்டிருந்தார்.

“பார்த்துச் சொல்றேங்கய்யா” என்றாள்.

“பொறுமையாப் பாருங்கம்மா. அவசரத்துல தப்பா எழுதிடப் போறீங்க.”

அடுத்த திங்கட்கிழமையும் வந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார். திங்கட்கிழமைகளில் புது வேலை பிடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். கூடத்தின் இரும்பு நாற்காலிகளில் சன்னலோரம் உட்கார்ந்து, அவள் தேநீருக்கு எழும்போது எழுந்து வருவார். கடிதத்தைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்பார். அவள் அதே பதிலைச் சொல்வாள். பிறகு பேச்சு சுவர்களுக்குத் தாவிவிடும்.

“இந்த ஹாலை எவன்மா அடிச்சான்? பட்டி பார்க்காமலே அடிச்சிருக்கான். அங்கே பாருங்க, மூலையில அப்பளம் மாதிரி எழும்பி நிக்குது.”

“டெண்டர்ல குறைஞ்ச ரேட்டு போட்டவருக்குக் கொடுத்திருப்பாங்கய்யா.”

“குறைஞ்ச ரேட்டுக்குக் குறைஞ்ச சுவர்தான். நான் டேப்பே வைக்க மாட்டேன், கண்ணாலயே அளந்துடுவேன். எண்ணூத்து நாப்பது சதுர அடி. பழசைச் சுரண்டி, பட்டி பார்த்து, ரெண்டு கோட்டு. ஆறு நாள் வேலை. ரேட்டு சொல்லட்டுமா?”

“என்கிட்டே சொல்லி என்னங்கய்யா ஆகப்போகுது? நான் பணத்தை எழுதறவதான், குடுக்கறவ இல்ல.”

அவர் சிரிப்பார். சிரிப்புக்கிடையில் மகளைப் பற்றிச் சொற்கள் துண்டு துண்டாக விழும். அவளை அவர் ‘குட்டி’ என்றே சொன்னார். பள்ளி விடுமுறைகளில் அப்பாவோடு வேலைக்குப் போய்ப் பழகியவள். சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் காகித நாடா ஒட்டாமலே ஒரே இழுப்பில் கோடு இழுப்பாள். ‘எனக்கே கை நடுங்கும், அவளுக்கு நடுங்காது.’ மாதச் சம்பளம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் நன்றாக இருக்குமே என்று கிடங்குக்குப் போனவள். ‘வேணாம்னுதான் சொன்னேன். கேட்கலை. என்னைவிட நல்லா ஓடுற வாயி.’ நான்கு நாள் கூலி இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னார். அதைக் கேட்டுப் போக அவருக்குக் கால் வரவில்லை.

ஆறாவது திங்கட்கிழமை மாலை, அவள் அம்மாவிடம் முழுவதையும் சொன்னாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஒரு வரிதானேடி சேர்க்கணும்?”

“ஒரே வரிதாம்மா. அஞ்சு நிமிஷம் ஆகாது.”

“அப்புறம் என்ன?”

“அந்த வரியைச் சேர்த்தா கடுதாசி ஜீரோன்னு சொல்லும்.”

“உள்ளதைத்தானே சொல்லும்.”

“ஆமாம்.”

அம்மா கீரைத்தண்டை ஒடித்து முறத்தில் போட்டார். “நீ வாயைத் திறந்து சொல்லிடு. மெஷின் சொல்றதுக்கு முன்னாடி மனுஷி சொன்னா கொஞ்சம் தாங்கும். பார்த்துச் சொல்றேன், பார்த்துச் சொல்றேன்னு ஒரு ஆளை ஊரை விட்டே அனுப்பிட்டே. இவரை எங்கே அனுப்பப் போறே?”

சொல்லிவிடுவது என்றுதான் ஒவ்வொரு திங்களும் பேருந்தில் ஏறினாள். கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் எழுந்து நிற்பார். தேய்த்த சட்டையைப் பார்ப்பாள். தொண்டைக்குள் அந்தச் சொல் தயாராக இருக்கும். வெளியே வருவது வேறு சொல்லாக இருக்கும். ஒருவர் ஆசையோடு உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இழுத்துவிட அவளுக்குக் கை வரவில்லை. அதை அவள் இரக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, அவர் வந்த பதின்மூன்றாவது திங்கட்கிழமை. அன்று கடிதத்தைப் பின்பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

“பக்கத்து வீட்டுத் தம்பி படிச்சுச் சொன்னான். தொகையில குறை இருந்தா தொண்ணூறு நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணணும்னு இதுல போட்டிருக்காம். எனக்கு அது ஒட்டாதுல்லம்மா? எனக்குத்தான் முடிவே இன்னும் வரலையே.”

அவள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. எண்கள் தாமாகவே மண்டைக்குள் அடுக்கிக்கொண்டன. மே 2இலிருந்து மே முடிய இருபத்தொன்பது, ஜூன் முப்பது, ஜூலை முப்பத்தொன்று, தொண்ணூறாவது நாள் ஜூலை 31. இன்று தொண்ணூற்றாறு. போன திங்கட்கிழமை இதே இடத்தில் நின்று சன்னல் கம்பிகளுக்கு என்ன நிறம் எடுப்பாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மிச்சம் இருந்தது. அவள் வாயைத் திறந்திருந்தால் அந்த ஒரு நாள் போதும்.

“உட்காருங்கய்யா” என்றாள். “இப்ப வந்துடறேன்.”

கண்காணிப்பாளர் கடிதத்தைக் கண்ணாடியைத் தூக்கி ஒரு முறை, இறக்கி ஒரு முறை பார்த்தார்.

“சைபர்னு வரணும், வரலை. அவ்வளவுதானே? இன்னைக்கே சேர்த்துட்டுக் கமுக்கமா இரும்மா. யாருக்குத் தெரியப் போகுது?”

“தெரிஞ்ச ஆள் ஹால்ல உட்கார்ந்திருக்கார் சார்.”

“அவருக்குக் கெடு முடிஞ்சு போச்சும்மா. பாவம்தான். நாம என்ன பண்ண முடியும்?”

“கடிதம் குறையுள்ளதுன்னு எழுதிக் கொடுத்தா புதுக் கடிதம் போகணும். புதுக் கடிதம் போனா கெடு மறுபடியும் முதல்லேருந்து.”

“குறைன்னு யார் எழுதிக் கொடுக்கறது?”

“நான்தான் சார். என் ப்ரோக்ராம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இவர் ஒருத்தருக்குன்னா ஒப்பேத்திடலாம். குறைன்னு எழுதிட்டா இந்த மாதிரி போன எல்லாக் கடுதாசியும் குறைதான். அது எத்தனை இருக்கும்னு பார்த்தியா?”

அதை மட்டும் அவள் பார்த்திருந்தாள். 2013 முதல், ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. அவர்களுள் ஐந்தாண்டில் காலியிடத்தைச் சுட்டிக் கேட்டு வந்தவர் ஒருவரே.

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறே” என்றார் கண்காணிப்பாளர். ஆனால் அவள் எழுதுவதை அவர் தடுக்கவில்லை. கூடத்தில் காத்திருந்தவரிடம் ‘புதுக் கடிதம் வருங்கய்யா’ என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

அவள் எழுதிக் கொடுத்த குறிப்பு ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியில் 87ஆம் வரி. இரண்டாவதில் சுற்றறிக்கை. மூன்றாவது பத்தியை நான்கு முறை அடித்து எழுதினாள்: ‘மேற்படி குறைபாடு 2018 மே 14 அன்றே என் கவனத்துக்கு வந்தது. நான் அதை எவருக்கும் தெரிவிக்கவில்லை.’

மேலிடத்தின் உத்தரவு செப்டம்பர் 17இல் வந்தது. 1,146 கடிதங்களும் திருத்தி மறுபடி அனுப்பப்பட வேண்டும். புதிய தேதியிலிருந்து தொண்ணூறு நாள் அவகாசம். நிரலை எழுதியவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. ஓராண்டுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். மறுநாள் காலை அவள் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள்: மொத்தத் தொகையே பூஜ்யமானால், அப்போது மட்டும் பேசு. சேர்க்க எடுத்த நேரம் நான்கு நிமிடம். பூஜ்யத்தைக் கொடுத்துச் சோதித்தாள். திரையில் ‘ஜீரோ ஒன்லி’ என்று வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நிரல் அந்தச் சொல்லை உச்சரித்தது அதுவே முதல் தடவை.

செப்டம்பர் 24, திங்கள். அச்சுப்பொறியிலிருந்து எடுத்த கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் தானே கூடத்துக்கு எடுத்துப் போனாள். பெயிண்டர் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி, தானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்படி அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. அதிலேயே அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது போலிருந்தது.

“எழுத்து வந்துடுச்சாம்மா?”

“வந்துடுச்சுங்கய்யா. ஜீரோன்னு வந்திருக்கு. ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

அவர் கடிதத்தை வாங்கி, விரலை வைத்து, எழுத்தின்மேல் மெதுவாக நகர்த்தினார். நான்கே எழுத்துள்ள ஆங்கிலச் சொல். விரல் சீக்கிரமே கடந்துவிட்டது. திரும்பவும் வைத்தார்.

“முதல் தடவை நான் வந்தப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுங்கய்யா.”

“இத்தனை திங்கக்கிழமையும்?”

“ஆமாங்கய்யா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதிர்ச் சுவரில் எழும்பி நின்ற வர்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்ல குட்டியோட அம்மா, அந்தப் பணம் வந்தா என்ன செய்யலாம்னு நோட்டு போட்டு எழுதி வச்சிருக்கா. மொதல்ல குட்டி போட்டோவைப் பெருசு பண்ணணும்னு எழுதியிருக்கா.” பிறகு, ஏதோ மறந்ததைச் சேர்ப்பவர் போல, “திங்கக்கிழமை திங்கக்கிழமை வேற வேலைக்குப் போயிருப்பேன்” என்றார்.

அவள் மேல்முறையீட்டுப் படிவத்தை எடுத்து வைத்தாள். முதல் எட்டுப் பத்திகளை அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் நிரப்பிக் காட்டினாள். கூலிச் சீட்டு இல்லாவிட்டாலும் உடன் வேலை செய்தவர் இருவர் கையெழுத்திட்டால் போதும், அந்த இருவரின் முகவரி விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். ஒன்பதாவது பத்தி: ‘கோரும் தொகை: எண்ணில், எழுத்தில்.’

“இங்கே என்ன எழுதணும்?”

அதையும் அவள் கணக்கிட்டு வைத்திருந்தாள். நாளுக்கு நானூறு, மாதத்துக்கு இருபத்தாறு நாள், பத்தாயிரத்து நானூறு. பாதி, ஐயாயிரத்து இருநூறு. பெருக்கல் 218. பதினொரு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து அறுநூறு. ஒரு சீட்டில் எண்ணிலும், கீழே ஆங்கில எழுத்தில் ‘ஒன்லி’ வரையிலும் தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

அவர் சீட்டை நெடுநேரம் பார்த்தார்.

“நான் சுவத்துக்குப் போடற மாதிரியே இருக்கேம்மா இது. நீளம், அகலம், ரேட்டு.”

“அப்படித்தான் போடுவாங்கய்யா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“எந்தச் சுவரைக் காட்டினாலும் பார்த்த உடனே ரேட்டு சொல்லிடுவேன். இதுக்கு என்னைச் சொல்லச் சொல்றாங்க.”

படிவத்தை மடிக்காமல், சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துச் செருகிக்கொண்டு போனார். சீட்டையும் எடுத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை சன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த திங்களும்.

தொண்ணூறாவது நாள் டிசம்பர் 23. அவருடைய படிவம் டிசம்பர் 12இல் மேல்முறையீட்டுப் பிரிவில் பதிவானது. அவள் அந்தப் பிரிவுக்குச் சென்று பதிவேட்டில் வரிசை எண்ணைப் பார்த்தாள். மூச்சு கொஞ்சம் இறங்கிற்று. இரண்டு நாள் கழித்து அந்தப் பிரிவின் எழுத்தர் படியில் எதிர்ப்பட்டார்.

“ஒன்லி அக்கா, உங்க பெயிண்டர் ஃபாரம் திரும்பிப் போயிடுச்சு. ஒம்பதாவது காலியா விட்டிருக்கார். எண்ணும் இல்ல, எழுத்தும் இல்ல. பதினஞ்சு நாள் டைம் கொடுத்திருக்கோம்.”

“மத்தது?”

“மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. ரெண்டு சாட்சிக் கையெழுத்துகூட வாங்கிட்டார்.”

அன்று பிற்பகல் அவள் கோப்பில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசினாள். பின்னணியில் உப்புத்தாள் தேய்க்கும் ஓசை கேட்டது, பிறகு நின்றது.

“ஐயா, ஒம்பதாவதுல அந்தத் தொகையை மட்டும் எழுதி அனுப்பிடுங்க. சீட்டு இருக்கா? இல்லைன்னா இப்பவே சொல்றேன்.”

“சீட்டு இருக்கும்மா. பத்திரமா இருக்கு.”

“அப்போ எழுதிடுங்கய்யா. இருபத்தொம்பதாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கு. நான் வேணா வீட்டுக்கு வந்து…”

“வேணாம்மா. எழுதப் பார்த்தேன். ரெண்டு நாள் பேனாவை வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். குட்டியோட அம்மா பக்கத்துலயே இருந்தா. அவ சொன்னா, ஆபீஸ்காரங்க வேணும்னா எழுதட்டும், நாம எழுத வேணாம்னா.” பிறகு சொன்னார்: “நீங்க எழுதினது நல்லா இருந்துச்சும்மா. கையெழுத்து.”

“ஐயா, எழுதினாத்தான் கொடுப்பாங்க.”

“தெரியும்மா.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“பார்த்துச் சொல்றேன்” என்றார். அதில் குத்தல் இல்லை. உப்புத்தாள் மறுபடியும் தேய்க்கத் தொடங்கியது.

வீட்டில் அம்மா கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். அம்மா உள்ளே போய், பரணில் இருந்த பழைய அச்சுக் காகிதக் கட்டை இறக்கி வந்தார். 2006ஆம் ஆண்டு; ஒன்று முதல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை. முதல் தாளின் தலைப்பில், ‘ஒன் ஒன்லி’ என்ற வரிக்கு மேலே இருந்த வெற்றிடத்தில், சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோடு நேராக விழவில்லை. பிறகு கட்டை மடித்து வைத்துவிட்டார்.

ஆண்டிறுதி அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு அவளுடையது. அதை அவள் 2018 டிசம்பர் 31, திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒப்படைத்தாள். அதன் ஏழாம் பக்கத்தில் உள்ள விவரம் வருமாறு.

திருத்தி அனுப்பப்பட்ட முடிவுக் கடிதங்கள்: 1,146.

முகவரியில் ஆள் இல்லாமல் திரும்பியவை: 203.

பெறப்பட்ட மேல்முறையீடுகள்: 17.

விசாரணைக்கு ஏற்கப்பட்டவை: 16.

குறைபாடு காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டவை: 1.

குறை நீக்கி மறுபடி சமர்ப்பிக்கப்பட்டவை: 0.